எட்டாவது வாரத்து முடி

ஏப்ரல் 6, சனி

இல்லை, அனுப்பச் சொன்னது நான் அல்ல. அட்டையில் எழுதியது மட்டும்தான் நான்.

எழுதியதும் போட்டிக்கான தரக்குறிப்பில் உள்ளதைத்தான். டெக்சல் என்கிற நீள்முடிக் கினிப்பன்றிக்கு மொத்தம் நூறு மதிப்பெண். அதில் ரோமத்துக்கு மட்டும் ஐம்பது. முகத்தில் முடி குட்டையாகப் படிந்திருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் தொடங்கி முதுகு, விலா, பின்புறம் எங்கும் சுருள். வயிற்றிலும் சுருள். விரலால் அழுத்தி விட்டால் முடி திரும்ப எழ வேண்டும். நீளம் மாதத்துக்கு ஓர் அங்குலம். வகிடு தானாக விழலாம், சீப்பால் எடுக்கக் கூடாது. வயிற்றில் நேர்முடி என்றால் மேடைக்குத் தகுதியில்லை.

குட்டிகள் மூன்றும் பிறந்த ஈரம் காய்ந்ததும் சுருண்டிருந்தன, பழைய ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூல் மாதிரி. எட்டு வாரத்தில் தொய்ந்து போயின. வயிற்றில் நேர்முடி. முதுகிலும். பார்த்ததை எழுதினேன். ஒன்று: தகுதியில்லை. இரண்டு: தகுதியில்லை. மூன்று: தகுதியில்லை.

நேற்று காரமடையிலிருந்து, கழித்தவற்றை எடுத்துப்போகிற டென்னிஸ் வந்தான். இரண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டான். மூன்றாவதன் கழுத்தில் கட்டி இருந்தது. நோய் உள்ளதை எடுப்பதில்லை என்று விட்டுவிட்டுப் போனான். அது மட்டும் இங்கே இருக்கிறது.

குட்டிகளை வளர்த்த ரெஜினாக்கா மாலை முழுவதும் கூண்டு கழுவினார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பனிமூட்டம். புல் ஈரம். மூன்றின் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தோம். ரெஜினாக்கா பிடித்துக்கொண்டார், நான் உப்புத்தண்ணீர் ஊற்றினேன். அது கத்தியதில் பக்கத்துக் கூண்டுகள் எல்லாம் அமைதியாகிவிட்டன.

ஏப்ரல் 10, புதன்

வரிசையாக எழுதிப் பார்த்தால் தெளியும்.

நான் கோத்தகிரிக்கு வந்தது ஆய்வேட்டை முடிக்க. ரெஜினாக்கா வீட்டு மாடியறை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. பத்து வருடம் அங்கோரா முயல் வளர்த்து நூல் கொடுத்தவர். நூல் வாங்குவோர் நின்ற பிறகு நீள்முடிக் கினிப்பன்றிக்கு மாறினார். கொல்லைக் கொட்டகையில் நாற்பது கூண்டு. டெக்சல் மட்டும் புதிது. சென்ற ஐப்பசியில் பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி வந்தது. தூய வெள்ளை, சிவப்புக் கண். இந்த மூன்றும் அதன் தலையீற்று.

மே மாதக் கடைசி ஞாயிறு குன்னூரில் ஷோ. அதில் 'ஒரே ஈற்றுக் குட்டிகள் மூன்று' என்றொரு பிரிவு. மூன்றும் ஒன்றுபோலத் தேறினால்தான் வளர்ப்பவர் பெயர் அந்த இனத்தின் பதிவேட்டில் ஏறும். தை மாதத்திலிருந்து ரெஜினாக்கா இதைப் பற்றியே பேசினார். இப்போது பேசுவதில்லை.

தரக்குறிப்பு ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். நான் படித்துச் சொல்வேன், அவர் கையால் பார்ப்பார், நான் அட்டையில் எழுதுவேன். அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

எட்டாவது வாரம் என்பது முயல்காரர்களின் கெடு. அங்கோராவுக்கு முதல் கத்தரிப்பு எட்டாவது வாரத்தில். அன்று கையில் வரும் நூலைப் பார்த்து, வைத்துக்கொள்வதா கழிப்பதா என்று முடிவெடுப்பார்கள். அதுவரை பெயர் வைப்பதில்லை. அதே பழக்கத்தை ரெஜினாக்கா இங்கும் கொண்டுவந்தார். கெடு அவர் வைத்தது. இதைக் குறித்துவைக்கிறேன்.

நெறியாளரிடமிருந்து மின்னஞ்சல். தலைப்பு மட்டும் தெரிகிறது: மூன்றாம் வரைவு குறித்து. திறக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. அம்மா போனில் முடிச்சிட்டியா என்று கேட்டாள். முடிகிற கட்டம் என்றேன். ரெஜினாக்கா எங்கிருந்தோ வேப்பம்பூ கொண்டுவந்து கொடுத்தார். பச்சடி வைக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வைத்தேன். அவரே முழுவதையும் சாப்பிட்டார்.

ஏப்ரல் 19, வெள்ளி

டென்னிஸ் ஒன்று விட்டு ஒரு வெள்ளி வருவான். முப்பது வயது இருக்கும், எந்நேரமும் ஹெல்மெட்டைக் கையில் கோத்திருப்பான். மூன்றின் கழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் ஆறவில்லை என்றான்.

அந்த இரண்டும் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன்.

"நல்லா திங்குது சிஸ்டர். அறநூறு கிராம் வந்துட்டா கெளம்பிரும்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. ரெஜினாக்கா அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

எங்கே என்பது எனக்குத் தெரியும். கீழே மூன்று நான்கு ஊர்களில் வெளிநாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மேடைக்குத் தேறாதது எல்லாம் அவர்களிடம் போகிறது. இங்கு வந்த முதல் வாரமே தெரியும். ஆறாம் தேதி இதை ஏன் எழுதாமல் விட்டேன் என்று தெரியவில்லை.

முடியோடு கொடுத்தால் பாம்புக்கு ஒத்துக்கொள்ளாதாம். மலையிலிருந்து வருவதற்கெல்லாம் வந்த அன்றே மெஷின் போட்டுவிடுவானாம். "மனுசனுக்குத்தான் சிஸ்டர் முடி பெருசு" என்று சிரித்தான். அவனுக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டிருக்கிறது. அவனே அதைத் தட்டிக் காட்டினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அனுப்பிய அன்று எடை நானூற்று முப்பது. வாரத்துக்கு நாற்பது கூடும். மே முதல் வாரம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கீரைக்கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் மூன்றாம் குட்டி கம்பியில் கால் வைத்து எழுந்து நின்று விசிலடிக்கிறது. நான்தான் என்று தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 27, சனி

கெடு அவர் வைத்தது என்று பத்தாம் தேதி எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

அட்டை எழுதிய அன்று நடந்தது இது. ரெஜினாக்கா குட்டி ஒன்றை மடியில் மல்லாத்தி, வயிற்று முடியில் வாயால் ஊதினார். முயல்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஊதிய இடத்தில் ரோமம் வட்டமாக விரிந்து, உள்ளே தோல் தெரிந்தது. நேர்முடி. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"கண்ணுக்குத் தெரியல. ஆனா கைக்கு அடியில ஒரு துள்ளல் இருக்கு இந்து. இன்னும் ரெண்டு மாசம் வெச்சுப் பாப்பமா?"

தரக்குறிப்பில் அப்படி எதுவும் இல்லை என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்கா. தேறாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சந்தேகமாக இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பெரிய புத்தகத்தைப் பார்ப்பதுபோல. அப்புறம் குட்டியைக் கூண்டில் விட்டுவிட்டு, டென்னிஸுக்கு போன் செய்தார்.

ஆக, அனுப்பச் சொன்னது அவர். அனுப்பலாம் என்று சொன்னது நான். இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேறாது. அந்தச் சொல் வாயில் வந்தபோது நன்றாக இருந்தது. சொல்லப்படுகிறவளாக இல்லாமல் சொல்கிறவளாக இருப்பது.

மே 1, புதன்

மழை. கூண்டுகளுக்குச் சாக்கு கட்டினோம். ஒரு சினைக் கினிப்பன்றிக்கு நாள் நெருங்குகிறது. மின்னஞ்சல் இரண்டாகியிருக்கிறது.

மே 3, வெள்ளி

காலை ஒன்பது மணி. மூன்றின் கழுத்துத் துணியைக் கடைசியாகக் கழற்றினேன். புண் ஆறிவிட்டது. கழுத்தடியில் முடி மடங்கியிருந்தது. துணி அழுத்தியதால் என்று நினைத்தேன். மல்லாத்தினேன்.

வயிறு முழுக்கச் சுருள்.

சின்னது, இறுக்கமானது. விரலால் அழுத்தினேன். எழுந்தது. முதுகில் நீண்ட முடி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அடியிலிருந்து வருவது வேறாக வருகிறது. மறுபடி அழுத்தினேன். எழுந்தது.

கூண்டில் விட்டேன்.

பதினொரு மணிக்கு டென்னிஸ் வந்தான். ரெஜினாக்கா பழைய நீள்முடி வகையில் கழித்த இரண்டைக் கொடுத்தார். முற்றத்தில் நின்று டீ குடித்தான். போன மாதத்து வெள்ளை இரண்டும் அறுநூறைத் தொட்டுவிட்டன, இனி யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு என்றான். ரெஜினாக்கா தலையாட்டினார். நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். டீ டம்ளரை வாங்கிக் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன். வண்டி வளைவு திரும்புகிற சத்தம் கேட்டது.

உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது. பார்த்தது ஒன்பது மணிக்கு. இரண்டு மணி நேரத்தில் என்ன உறுதி.

மே 4, சனி

ஈரக்காற்றில் எந்த முடியும் சுருளும். என் முடியே சுருள்கிறது. அதனால் மூன்றை மாடிக்கு எடுத்து வந்து, கதவைச் சாத்தி, டிரையரைத் தூரத்தில் பிடித்து உலர்த்தினேன். பயந்து என் மடியிலேயே இருந்துவிட்டது.

உலர்ந்த பிறகும் சுருள். இன்னும் எடுப்பாக.

பிறகு தரக்குறிப்பை எடுத்தேன். பதினொரு பக்கத்தில் எட்டுப் பக்கம்தான் படித்திருக்கிறேன். கடைசி மூன்று 'வளர்ப்போருக்கு' என்று தனியாக இருந்தது. மதிப்பெண் இல்லாததால் விட்டிருந்தேன். ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறது: குட்டிச் சுருள் இரண்டாம் மாதத்தில் தளர்ந்து ஏறக்குறைய நேராகும். மூன்றாம் மாதத்துக்குப் பின் அடியிலிருந்து மீளும். ஆறு மாதம் நிறையும் முன் ரோமத்துக்காக எதையும் கழிக்க வேண்டாம்.

நான்கு வரி. எளிய ஆங்கிலம்.

'நல்லாப் பாத்தியா?' 'பாத்தேன்கா.'

ரெஜினாக்கா கீழே யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இறங்கிப் போகலாம் என்று எழுந்தேன். எழுந்து, தாள்களை அடுக்கி வைத்தேன்.

மே 5, ஞாயிறு

ரெஜினாக்கா கோயிலுக்குப் போய்விட்டு, நாத்தனாரோடும் அவர் பிள்ளைகளோடும் வந்தார். வீடு நிறைய ஆட்கள். மத்தியானம் கறிக்குழம்பு. எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது.

பிள்ளைகள் கொட்டகைக்குப் போகும் முன் மூன்றைப் பின் வரிசைக் கூண்டுக்கு மாற்றி, முன்னால் சாக்கு தொங்கவிட்டேன். குளிர் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

ஆட்கள் ஐந்து மணிக்குப் போனார்கள். ரெஜினாக்கா தலைவலி என்று படுத்துவிட்டார்.

நாளை காலை.

மே 6, திங்கள்

சொன்னேன்.

இன்று காலைதான் பார்த்தேன் என்று சொன்னேன். ஒன்பதாம் பக்கத்தையும் படித்துக் காட்டினேன், இப்போதுதான் கண்ணில் பட்டது போல.

ரெஜினாக்கா குட்டியை வாங்கி, வயிற்றில் ஊதினார். ரோமம் விரியவில்லை. ஊதிய காற்று முகத்துக்கே திரும்பியது. சிரித்தார், கண் நிறைந்தது, உடனே நின்றது.

"அப்ப அந்த ரெண்டும்?"

டென்னிஸின் போன் அணைந்திருந்தது. ஒன்பது முறை அடித்தார். நான் பேருந்துக்குக் கிளம்பினேன். முந்தின இரவு மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்து, மாலை வரை வண்டி இல்லை. நாளை முதல் பேருந்து. சினை இன்றோ நாளையோ ஈனும் என்பதால் அவர் நகர முடியாது.

"எட்டு வாரம்னு கெடு வெச்சது நாந்தான்" என்றார். "இது முயலா, நான் பாட்டுக்கு முயல்னு நெனச்சுட்டேன். நீ என்ன பண்ணுவ, நான் கேட்டதுக்குப் பதில் சொன்ன."

நான் ஒன்பதாம் பக்கத்தை மடித்து வைத்தேன். அவர் எனக்கு வழிச் சாப்பாடாகப் புளிசாதம் கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மே 7, செவ்வாய்

மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம், திரும்புகிற பேருந்துக்குள். எழுதுவதற்கு நேரம் இருக்கிறது.

ஒன்பதரைக்குக் காரமடை. டென்னிஸின் கொட்டகை தகரக்கூரை, உள்ளே இரண்டு மின்விசிறி. சுத்தமாகத்தான் வைத்திருக்கிறான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். விஷயத்தைக் கேட்டதும் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு இருக்கும் சிஸ்டர். இன்னொண்ணு ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒருத்தரு வந்து எடுத்துட்டுப் போனாரு."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. ஆறு இருக்கும் என்றான்.

இருப்பதைக் காட்டச் சொன்னேன். தரையோடு கட்டிய தொட்டியில் முப்பதுக்கு மேல். எல்லாம் வெள்ளை, எல்லாம் சிவப்புக் கண், எல்லாம் ஒட்ட மழித்தவை. அவனுக்கே எது என்று தெரியவில்லை. எடை போட்டுப் பார்த்தோம். அறுநூறை ஒட்டியவை பதினொன்று. ஒவ்வொன்றாக மல்லாத்தி, வயிற்றில் விரலை ஓட்டினேன். மறுபடி மழித்து ஒரு வாரம் ஆகவில்லை, தாடி முளைத்தது போல ஒரே சொரசொரப்பு. சுருள்வதற்கு நீளம் வேண்டும். பதினொன்றும் ஒன்றுதான்.

தரக்குறிப்பை மனதில் ஓட்டினேன். தலை பதினைந்து, உடல் பதினைந்து, கண் காது பத்து, நலம் பத்து. எதுவும் உதவவில்லை. முடியை எடுத்துவிட்டால் அவை எல்லாமே தேறுகின்றன.

"எதையாச்சும் எடுத்துட்டுப் போங்க. அக்காவுக்குத் தெரியவா போகுது" என்றான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். ஒரு நிமிடம் எனக்கும் அது சரி என்று பட்டது.

அவன் ஒன்றைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். வாசல் வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. மீசை தெரிந்தது. நீண்டு, நேராக. கீழே விட்டு அடுத்ததைத் தூக்கினான். நேர். ஏழாவதன் மீசை, மூக்கருகில் தொடங்கும்போதே வளைந்து, நுனியில் மடங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெளிந்திருந்தது. மீசைக்கு மெஷின் போடுவதில்லை.

மீதி நான்கையும் பார்த்தோம். நேர். தொட்டியில் மற்றவற்றையும் பார்த்தோம். நேர்.

டென்னிஸ் பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போய், கடைக்காரரின் போனைக் கேட்டுக் கொடுத்தான், என்னுடையதில் டவர் இல்லை. ரெஜினாக்காவிடம் மூன்றின் மீசையைப் பார்க்கச் சொன்னேன். போனோடு கொட்டகைக்கு நடக்கிற சத்தம். சாக்கை விலக்குகிற சத்தம்.

"சுருண்டிருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தாய்க்காரிக்கும் சுருண்டிருக்கு. இத்தன நாளா மூஞ்சியிலயே இருந்திருக்கு பாரு." அப்புறம், "ரெண்டும் கெடச்சுதா?"

ஒன்றுதான் என்றேன். அது ஒன்றாம் குட்டியா இரண்டாம் குட்டியா என்று தெரியவில்லை என்றேன். மற்றது ஞாயிறு மாலையே போய்விட்டது.

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"சரி விடு கண்ணு. நாம பாத்ததே திங்கக்கெழம. அதுக்கு மிந்தியே போயிருச்சுன்னா நம்ம கையில என்ன இருக்கு. நீ அழுவாத."

நான் அழவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன்கா" என்றேன். "டென்னிஸ் வர்றதுக்கு முன்னாடி. அந்தப் பக்கத்தையும் சனிக்கிழமையே படிச்சிட்டேன். முதல்ல படிக்கவே இல்ல."

போன் அறுபடவில்லை. கீழ்வரிசைக் கூண்டுகளில் ஏதோ விசிலடித்தது, இன்னொன்று பதில் சொன்னது. அவர் அங்கேயே நின்றிருக்கிறார் என்று தெரிந்தது. கடைக்காரர் கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார்.

"குட்டிய வெயில்ல வெக்காத" என்றார் ரெஜினாக்கா. போனை வைத்துவிட்டார்.

இதற்குப் பதிலாக அடுத்த முறை வரும்போது அக்காவிடம் வேறொன்று வாங்கிக்கொள்வதாக டென்னிஸ் சொன்னான். ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி கொடுத்தான்.

பேனா முனையால் பெட்டியில் ஆறு ஓட்டை போட்டேன். ஒன்றே முக்கால் பேருந்தில் நிழல் பக்கமாக ஒரு சீட்டுப் பார்த்து, பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.